குச்சிக்கிழங்கில் மிஞ்சும் திப்பி: காய்கறிக் கழிவு பொருளாக மாறுவது எப்படி?

சந்தையில் ஒரு கிலோ மரவள்ளிக்கிழங்கு வாங்கி வாருங்கள். எங்கள் சேலம் பக்கம் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதற்கு அடியில் லேசாக ரோஸ் நிறம் அடித்த தடித்த பட்டை. இரண்டையும் கத்தியால் கீறி உரித்துத் தனியாக எடுத்து வையுங்கள். கிழங்கைக் கழுவி, துருவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் இறங்கும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு மேல் தண்ணீரைச் சாய்த்துப் பாருங்கள், பாத்திரத்தின் அடியில் மாவு கெட்டியாகப் படிந்திருக்கும். விரலால் அழுத்தினால் இறுகும், விட்டால் வழியும்.

இப்போது உங்கள் முன்னால் நான்கு பொருட்கள் இருக்கின்றன. மாவு, தோல், துணிக்குள் தங்கிய சக்கை, சாய்த்து எடுத்த கலங்கல் தண்ணீர். ஜவ்வரிசி ஆலையில் நடப்பதும் இதேதான், அளவு மட்டும் டன் கணக்கில். மாவு ஜவ்வரிசியாகவோ ஸ்டார்ச்சாகவோ மூட்டையேறிப் போய்விடும். மற்ற மூன்றுக்கும் சேர்த்து 'கழிவு' என்று ஒரே பெயர். இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றித்தான். ஏனென்றால் காய்கறி பதப்படுத்தும் எந்த ஆலையை எடுத்துக்கொண்டாலும், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆகட்டும் தக்காளி சாஸ் ஆகட்டும், கதை இதே மாதிரிதான் போகும். ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் துணிக்குள் இருக்கிற சக்கை. ஆலைக்காரர்கள் இதைத் திப்பி என்பார்கள். இதில் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு தட்டில் வைத்து, மருந்துப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தால் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருந்தால்தான் அயோடின் அந்த நிறத்துக்குப் போகும். (சோதித்த சிட்டிகையைக் குப்பையில் போட்டுவிடுங்கள், சாப்பாட்டில் சேர்க்க வேண்டாம்.) எவ்வளவு பிசைந்து பிழிந்தாலும் நாருக்குள் மாவு சிக்கிக்கொண்டு வெளியே வராது. இயந்திரம் வைத்து அரைக்கும் ஆலையிலும் இப்படித்தான். காய்ந்த திப்பியைச் சோதித்தால் அதன் எடையில் பாதிக்குமேல் மாவுச்சத்துதான் இருக்கும். சக்கை என்று ஒதுக்கி வைத்ததில் பாதிக்குமேல் மாவு! எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அந்தக் கருநீலத்தைப் பார்த்த பிறகுதான்.

சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்தில் இந்தத் தொழில் 1940களில் வேர்விட்டது. இரண்டாம் உலகப் போரால் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோக, இங்கேயே செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். 1981ல் உற்பத்தியாளர்களுக்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசிக்குக் கிடைத்த பெயர் திப்பிக்குக் கிடைக்கவில்லை. ஆத்தூர் போகிற வழியில் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்து ஜவ்வரிசி என்று வண்டியை நிறுத்துகிறவர்கள், பக்கத்துக் களத்தில் அழுக்கு வெள்ளையாகக் கிடக்கிற திப்பியை என்னவென்றுகூடக் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு காய்கறிக் கழிவு எதுவாக மாறும் என்பதைத் தீர்மானிப்பது மூன்று கேள்விகள். உள்ளே என்ன சத்து இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கெட்டுப்போக எவ்வளவு நேரம் இருக்கிறது. முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் 'இதிலிருந்து இந்த அமிலம் எடுக்கலாம், அந்தச் சாயம் எடுக்கலாம்' என்று காட்டுவார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் களத்தில் ஆளைத் தோற்கடிப்பது தண்ணீரும் நேரமும்தான் என்பது என் எண்ணம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆலையிலிருந்து வரும் ஈரத் திப்பி 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 கிலோ தண்ணீர், 20 கிலோதான் சரக்கு. கெடாமல் மூட்டை கட்ட வேண்டுமென்றால் ஈரம் 12 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அப்போது கையில் நிற்பது ஏறக்குறைய 23 கிலோ. அதாவது 77 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி அனுப்ப வேண்டும். இதை விறகு எரித்துச் செய்தால், ஒரு துளி வெப்பம்கூட வீணாகாத அடுப்பு என்று வைத்துக்கொண்டாலும் 12, 13 கிலோ விறகு வேண்டும். நிஜ அடுப்பில் பாதி வெப்பம் வெளியே போய்விடும், அப்போது 25 கிலோ. 23 கிலோ திப்பிக்கு 25 கிலோ விறகு! இதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா? சூரியன் இதே வேலையைச் சும்மா செய்துகொடுக்கிறது. அதனால்தான் சேலம் மாதிரி வெயில் ஊரில் திப்பி ஒரு விற்கிற சரக்காக இருக்கிறது.

வெயில் இல்லாத நாளில் என்ன ஆகும்? கிழங்கு வரத்தும் வடகிழக்குப் பருவமழையும் சில மாதங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும். என் சித்தப்பா ஒருமுறை மாட்டுக்கு என்று ஒரு டிராக்டர் ஈரத் திப்பி வாங்கி வீட்டுக் களத்தில் கொட்டினார். மறுநாள் வானம் மூடாக்கு போட்டது, அப்புறம் இரண்டு நாள் தூறல். மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்ததில் உள்ளே சூடேறி, மூன்றாம் நாள் கிளறியபோது புளித்த வாடையோடு ஆவி கிளம்பியது. நான்காம் நாள் ஓரமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். அதைக் கழுவிப் போடலாம், காயவைத்துப் போடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சித்தப்பா கேட்கவில்லை, முழுவதையும் எருக்குழியில் தள்ளினார். அவர் செய்தது சரி. தீவனத்தில் வரும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும்; அது காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது, மாடு தின்றால் பாலிலும் இறங்கும். ஆக, முந்தாநாள் வரைக்கும் தீவனமாக இருந்தது, மூன்று நாளில் உரம் மட்டுமே ஆக முடியும் என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. பொருள் அதேதான், நேரம்தான் போய்விட்டது.

நன்றாகக் காய்ந்த திப்பி மாட்டுக்கு நல்ல எரிபொருள் மாதிரி, தெம்பு தரும். ஆனால் புரதம் மிகவும் குறைவு. அதனால் திப்பியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பால் ஏறாது. கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ கலந்துதான் ஆக வேண்டும், தாது உப்பும் சேர்க்க வேண்டும். பழக்கமில்லாத மாட்டுக்குத் திடீரென்று கூடை நிறையக் கொடுத்தால் வயிற்றில் மாவு ஒரே நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும், மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். தீவனமாக்குவது எளிது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அடுத்து, நீங்கள் உரித்து வைத்த தோல். இதில் கவனம் வேண்டும். மரவள்ளியில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் அதிகம். செடி நசுங்கும்போது அதே செடியில் இருக்கிற ஒரு நொதி (என்சைம்) அதோடு சேர்ந்து அதை உடைக்கும், கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். பச்சை இலையையும் தோலையும் மேய்ந்து ஆடு மாடு சாவதற்குக் காரணம் இதுதான். ஆனால் இதே சயனைடு 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். நம்மூர் வெயிலுக்கு 26 டிகிரி எம்மாத்திரம்? சிறு துண்டாக நறுக்கி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, கிளறிவிட்டு நன்றாகக் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். நறுக்குவது முக்கியம். நறுக்கினால்தான் நொதியும் லினமாரினும் சந்திக்கும், முழுத் தோலாகப் போட்டு மேலாகக் காயவைத்தால் உள்ளே அப்படியே நிற்கும். அப்படியே செய்தாலும் அளவோடு, வேறு தீவனத்தோடு கலந்துதான் கொடுக்க வேண்டும்.

இனி மூன்றாவது, கலங்கல் தண்ணீர். மூன்றில் அதிகத் தொல்லையும் இதில்தான், பொறுமையாகச் செய்தால் அதிக லாபமும் இதில்தான்.

ஒரு டன் கிழங்கு அரைக்கப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகும். வெளியே வரும் தண்ணீரில் கரைந்த சர்க்கரை, படியாமல் மிதக்கும் மாவு, கொஞ்சம் நார் எல்லாம் இருக்கும். பார்க்க மோர்த் தண்ணீர் மாதிரி இருக்கும், விஷம் மாதிரியே தெரியாது. ஆனால் ஒரு குட்டையில் விட்டுவிட்டால், நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்னத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் இன்னொரு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் அந்தப் புளித்த, அழுகிய முட்டை கலந்த வாடை. ஆலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இந்த வாடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று காலங்காலமாக அவர்கள் போராடியிருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

இப்போது கவனியுங்கள். அந்த நாறும் குட்டையில் காற்றில்லாமல் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கடைசியில் உண்டாக்குவது மீத்தேன். எரிவாயுத் தொட்டியிலும் அதே நுண்ணுயிர்கள், அதே வேலை. குட்டைக்கு மூடி இல்லை, தொட்டிக்கு இருக்கிறது. திறந்த குட்டையில் போகும் மீத்தேன் வானத்துக்குப் போய், கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். மூடிய தொட்டியில் பிடித்தால் அடுப்பிலோ ஜெனரேட்டரிலோ எரியும்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு ஆலை நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது, ஒவ்வொரு லிட்டரிலும் உள்ள அழுக்கு ஆக்சிஜனைத் தின்னும் அளவு 5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். இந்த அளவைத்தான் சி.ஓ.டி. என்பார்கள், ஆலைக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். மொத்தம் 500 கிலோ. அதில் 80 சதவீதத்தைத் தொட்டி சிதைத்தால் 400 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி. சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் வரும் என்பது வேதியியல் கணக்கு, யாராலும் கூட்டவும் முடியாது. ஆக 140 கன மீட்டர் மீத்தேன். சமையல் எரிவாயுவோடு ஒப்பிட்டால் ஒரு நாளைக்கு ஏழு வீட்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் மேலே. நேற்றுவரை ஓடையில் போன தண்ணீர்! சேலம், நாமக்கல் பக்கம் பல ஆலைகள் இப்படித் தொட்டி கட்டி, சொந்த ஜெனரேட்டரை ஓட்டுகின்றன, மின் கட்டணம் இறங்கியிருக்கிறது.

தொட்டிக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் மாவையும் சர்க்கரையையும் உடைத்து அமிலமாக்கும், ரொம்ப வேகம். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும், ரொம்ப மெதுவாகப் பெருகும், அமிலம் கூடினால் சோர்ந்துவிடும். ஆசைப்பட்டு ஒரே நாளில் அதிகத் தண்ணீர் விட்டால் முதல் கூட்டம் அமிலத்தைக் குவித்துவிட, இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். தொட்டி புளித்துப்போய் எரிவாயு நின்றுவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் சாணக் கரைசல் விட்டு நுண்ணுயிர்களைக் குடிவைப்பதும், புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதும், வாரக்கணக்கில் மெதுவாக அளவை ஏற்றுவதும். கிழங்குத் தண்ணீரில் நைட்ரஜன் குறைவு என்பதால் சாணம் அந்தக் குறையையும் கொஞ்சம் தீர்க்கும். தோசை மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் பக்குவம் சீக்கிரம் புரியும். மாவு ஒரு ராத்திரியில் பொங்கும், தொட்டிக்கு மாதங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மறக்கக் கூடாது. எரிவாயு எடுத்த பிறகு வரும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. காற்று செலுத்தி இன்னொரு சுற்று சுத்தம் செய்துதான் வெளியே விடவோ பாய்ச்சவோ வேண்டும். எரிவாயுத் தொட்டி கட்டிவிட்டோம் என்று இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறவர்கள் ஊருக்குச் செய்வது பாதி நன்மைதான்.

திப்பியிலிருந்து இன்னும் பெரிய பொருட்களும் வரும். மாவுச்சத்தை நொதி போட்டுச் சர்க்கரையாக உடைத்து ஈஸ்ட் விட்டால் எத்தனால். ஒரு கிலோ மாவுச்சத்திலிருந்து ஏட்டுக் கணக்கில் 0.7 லிட்டர் வரை வரும், நடைமுறையில் குறையும். வெங்காயத் தோலில் கறுப்புப் பொடியாகப் படியுமே ஒரு பூசணம், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர், அதைத் திப்பியின்மேல் வளர்த்தால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். குளிர்பானத்திலும் மாத்திரையிலும் போடும் அதே அமிலம்தான். மரவள்ளி அதிகம் விளையும் பிரேசிலில் இதில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது, நம் பக்கம் திருவனந்தபுரத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் மரவள்ளிக் கழிவுகளில் வேலை செய்திருக்கிறது. இதெல்லாம் சின்ன ஆலைக்காரர் நாளைக்கே தொடங்குகிற வேலை இல்லை. முதலீடும் தூய்மையும் ஆய்வுக்கூடமும் வேண்டும். பத்து ஆலைகள் சேர்ந்தால் யோசிக்கலாம்.

கிழங்கு மாவுப் பை பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு மரவள்ளி மாவில் செய்த பை என்று கடைகளில் பரவலாகக் கிடைத்தது. முதல் விஷயம், அது பெரும்பாலும் நல்ல மாவிலிருந்து வருவது, கழிவிலிருந்து இல்லை. இரண்டாவது, மாவு மட்டும் போட்டால் பை தண்ணீர் பட்டதும் நைந்துவிடும், அதனால் வேறு பாலிமர் கலப்பார்கள். என்ன கலந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது மக்குமா மக்காதா என்பது. மக்கும் பைகளுக்கு ஐ.எஸ். 17088 என்று தரக்குறியீடு இருக்கிறது, பையில் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்தத் தரம் சூடான உரக்கிடங்கில் மக்குவதற்கானது. வாய்க்காலில் வீசினால் அதே வேகத்தில் மக்கும் என்று அர்த்தம் இல்லை.

மற்ற காய்கறிகளுக்கு இதே மூன்று கேள்வியைப் போட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் சீவிய துண்டுகளைக் கழுவும் தண்ணீரில் மாவு நிறைய. அதன் மணிகள் பெரியவை என்பதால் நன்றாகப் படியும், எடுத்து விற்கலாம். தக்காளி சாஸ் ஆலையில் தோலும் விதையும் மிஞ்சும். சிவப்பு நிறம் தரும் லைக்கோபின் தோலில்தான் அதிகம், எண்ணெயில் கரையும். வெங்காயச் சருகு ஏற்கெனவே காய்ந்தே வருகிறது, அதுதான் அதன் பெரிய வரம். படிகாரம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் துணிக்கு மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் ஏறும். இந்தச் சாயத்தை வீட்டிலேயே ஒரு பழைய கைக்குட்டையில் செய்து பார்க்கலாம், அரை மணி நேர வேலை.

எல்லாம் கலந்துபோன கழிவு என்றால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். வெங்காயச் சருகு அழுகிய முட்டைக்கோஸோடு சேர்ந்தால் சாயமும் போச்சு, தீவனமும் போச்சு. அப்போது எரிவாயுவும் உரமும்தான் மிச்சம். ஹைதராபாத்தில் போயன்பல்லி காய்கறிச் சந்தையில் அதைச் செய்கிறார்கள். நாளுக்குச் சுமார் 10 டன் சந்தைக் கழிவிலிருந்து 500 யூனிட் அளவுக்கு மின்சாரமும், அங்கேயே கேன்டீன் சமையலுக்கு எரிவாயுவும் எடுக்கிறார்கள். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் கொடுத்த முறை அது. சந்தைக்கு அது பொருத்தமான வழி, ஏனென்றால் அங்கே பிரிக்க ஆளில்லை, கழிவும் தினமும் வருகிறது, எரிவாயுவும் அங்கேயே தேவைப்படுகிறது. ஆனால் ஆலையில் நிலைமை வேறு. அங்கே தோல் ஒரு இயந்திரத்திலும் திப்பி இன்னொரு சல்லடையிலும் தண்ணீர் வேறு குழாயிலும் தனித்தனியாகத்தான் வெளியே வருகிறது. யாரோ ஒருவர் மூன்றையும் ஒரே குழிக்குத் திருப்பிவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம், உங்கள் வீட்டில் செய்த சோதனைக்கு வருவோம். மாவைக் காயவைத்துக் கூழ் காய்ச்சலாம். திப்பியை அரிசி மாவு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பிசைந்து தோசைக்கல்லில் மூடி போட்டு, உள்ளே வெந்துபோகும்வரை சுட்டு அடையாகச் சாப்பிடுங்கள். அன்றைக்கே செய்துவிட வேண்டும், ராத்திரி வைத்தால் புளித்துவிடும். தோலைப் பொடியாக நறுக்கி மொட்டை மாடியில் பரப்புங்கள், ஆடு மாடு எட்டாத இடமாகப் பார்த்து. நன்றாகக் காய்ந்து கையில் ஒடிந்தால் எருக்குழிக்குப் போகட்டும். கலங்கல் தண்ணீரில் ஒரு டம்ளர் மட்டும் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடாமல், கொல்லைப்புறத்தில் இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் காலை மூடியைத் திறக்கும்போது வருகிற வாடைதான், ஆத்தூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னலைச் சாத்த வைக்கிற வாடை.